சோலோவை அப்படியே வாசிக்க வருகிறது, ஆனால் என் வாசிப்பு மாறவில்லையே?

ஐந்தாம்ஃப்ரெட் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கிட்டார் பிடித்து ஆறு வருடம் ஆகிறது. கார்டு, ரிதம் எல்லாம் ஓரளவு வரும். மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர வரிசையின் ஐந்து பெட்டிகளையும் (விரல் வைக்கும் வடிவங்கள்) கண்ணை மூடிக்கொண்டே வாசிப்பேன். பேக்கிங் ட்ராக் (பின்னணி இசை மட்டும் உள்ள பதிவு) போட்டு சோலோ, அதாவது தனி வாசிப்பு, வாசிக்க உட்கார்ந்தால்தான் சிக்கல். முதல் ஒரு நிமிடம் நன்றாகப் போகும். அப்புறம் விரல்கள் பழகிய தடத்திலேயே ஏறி இறங்கத் தொடங்கிவிடும். நேற்று பதிவு செய்ததையும் மூன்று மாதத்துக்கு முன்பு பதிவு செய்ததையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். எது பழையது, எது புதியது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெரிய கலைஞர்களின் சோலோக்களைக் காதால் கேட்டு எடுத்தால் முன்னேறலாம் என்று பலரும் சொன்னார்கள். மூன்று மாதமாக அதைத்தான் செய்கிறேன். முதலில் பிங்க் ஃப்ளாய்ட் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மரின் ஒரு சோலோ. பாதி காதால், மீதி டேப்லேச்சர் (எந்தத் தந்தியில் எங்கே விரல் என்று எண்ணால் காட்டும் தாள்) பார்த்து. இப்போது அதைப் பாட்டோடு சேர்த்து முழு வேகத்தில் தப்பில்லாமல் வாசிப்பேன். அடுத்து, டேப்லேச்சரே கூடாது என்று ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வானின் ஒன்றை எடுத்தேன். இருபது நொடியைத் தாண்ட முடியவில்லை. ட்யூனரில் எவ்வளவு சரியாக வைத்தாலும் அவர் வாசிக்கும் ஓப்பன் தந்தி (விரல் வைக்காமல் மீட்டுவது) என் கிட்டாரில் கிடைக்கவே இல்லை.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு விஷயம். கில்மர் சோலோவிலிருந்து ஒரு துளிகூட என் சொந்த வாசிப்பில் இறங்கவில்லை. அதை வாசிக்கும்போது ஒரு ஆள், நானாக வாசிக்கும்போது வேறு ஆள். தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. அதை இதில் போடலாமா? போடலாம் என்றால் எப்படி? கேட்டதை எழுதி வைக்க வேண்டுமா, மனதில் இருந்தால் போதுமா?

மெதுநடை

ஸ்டீவி ரே வான் விஷயத்தை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். உங்கள் காதில் குறை இல்லை. அவர் ஆறு தந்திகளையும் அரை ஸ்டெப் (ஒரு ஃப்ரெட் அளவு) இறக்கி வைப்பார். ஈ இருக்க வேண்டிய இடத்தில் ஈ ஃப்ளாட். ஹென்ட்ரிக்ஸின் பல பதிவுகளும் இப்படித்தான். உங்கள் கிட்டாரையும் இறக்கிக்கொண்டு கேளுங்கள், அந்த ஓப்பன் தந்தி அங்கேயே இருக்கும்.

இன்னொன்று, பதிவே கொஞ்சம் தள்ளி இருக்கலாம். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் பக்கம் பல வருடங்களாக உண்மையான சுருதியைவிடச் சற்று மேலே ஒலித்துக்கொண்டிருந்தது. பதிவின்போது நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியதுதான் காரணம். 1990-களின் மறுபதிப்புகளில்தான் சரிசெய்தார்கள். அதனால் எந்த சோலோவை எடுத்தாலும் முதலில் நீளமாக நிற்கும் ஒரு நோட்டைப் பிடித்து, அதற்குக் கிட்டாரை ட்யூன் செய்துவிட்டு உட்காருங்கள்.

வேகம் குறைப்பது பற்றி: 33⅓ சுற்று இசைத்தட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் எல்லாம் ஒரு ஆக்டேவ் கீழே இறங்கிவிடும். அந்தக் காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். இப்போது சுருதி மாறாமலே வேகத்தைக் குறைக்க முடிகிறது. ஆனாலும் 70 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பாருங்கள். ரொம்ப மெதுவாக்கினால் பிக் (மீட்டும் சிறு தகடு) தந்தியைத் தொடும் அந்தக் கணம் கரைந்துவிடும்.

இரவுக்காது

'அதை வாசிக்கும்போது ஒரு ஆள், நானாக வாசிக்கும்போது வேறு ஆள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, தம்பி. நானும் அதே இடத்தில் நாலு வருடம் நின்றேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வாரம் ஒரு டேப்லேச்சர் தாள் கொடுப்பார். பதினான்கு சோலோக்கள் மனப்பாடம். ஒரு நாள் ஒத்திகையில் பாடுகிறவருக்குத் தொண்டை சரியில்லை, ஏ மைனரில் இருந்த பாட்டை ஜி மைனருக்கு இறக்கினார்கள். இரண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) தள்ளினால் போதும். என்னால் முடியவில்லை. ஓப்பன் தந்தி வந்த இடங்களில் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்தத் தந்தியில் எந்த எண் என்பதுதான், அந்த மெட்டு எனக்குத் தெரியவே தெரியாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்குப் பிறகு ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி.பி. கிங் பி மைனரில் வாசித்த ஒரு மெதுவான ப்ளூஸை எடுத்தேன். முழு சோலோ இல்லை, நாலே பார் (தாளத்தின் ஒரு சுற்று). அதற்கே பதினொரு நாள் ஆனது. அதில் கடைசி மூன்று நோட்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு எல்லாம் அங்கேதான் திறந்தது.

டி, சி ஷார்ப், பி. இரண்டாம் தந்தியில் 15, 14, 12. முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். நோட் சரி, வாசித்தால் அவர் மாதிரி இல்லை. ஆம்பை மாற்றினேன், பிக்கப்பை மாற்றினேன். ஆறாம் நாள் ராத்திரி ஹெட்ஃபோனில் அந்த ஒன்றரை நொடியை மட்டும் சுழலவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். டி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு இறங்கும் இடத்தில் படி இல்லை, சரிவு இருக்கிறது! ஃப்ரெட்டில் விரலை எடுத்து வைத்தால் மாடிப்படி மாதிரி ஒரு நோட் முடிந்து இன்னொன்று தொடங்கும். இவர் 14-ஆம் ஃப்ரெட்டில் சி ஷார்ப்பைப் பிடித்து, முன்கூட்டியே டி வரை பெண்டு செய்து (தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றி) வைத்துவிட்டு, அப்புறம்தான் பிக் போடுகிறார். பிறகு தந்தியை மெல்ல விடுகிறார். இரண்டு நோட்டுக்கும் சேர்த்து பிக் ஒரே ஒரு தடவைதான் விழுகிறது. பி-யை அடைந்ததும் மற்ற விரல்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஆட்காட்டி விரலை மட்டும் வைத்து மணிக்கட்டை ஆட்டுகிறார். அந்த வைப்ரேட்டோ (சுருதி அசைவு) எங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்: உறவினரான புக்கா வைட்டின் ஸ்லைடு ஒலி (தந்தி மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) பிடித்துப்போய், தனக்கு ஸ்லைடு வராததால் விரலிலேயே கொண்டுவர முயன்றதுதான் அது. ஒருவர் இன்னொருவரைக் கேட்டு எடுக்கப் போய்ப் பிறந்த ஒலி.

இதையும் எந்த டேப்லேச்சரும் எனக்குச் சொல்லவில்லை: அந்தச் சொற்றொடர் இரண்டாம் பீட்டுக்கும் மூன்றாம் பீட்டுக்கும் நடுவில் தொடங்குகிறது, அடுத்த பாரின் முதல் பீட்டில் முடிகிறது, அதன் பிறகு கிட்டத்தட்ட ஒன்றரை பார் ஒன்றுமே இல்லை. எண்ணிப் பார்த்தேன். நானாக வாசிக்கும்போது ஒன்றரை பார் சும்மா இருந்ததே இல்லை என்று அப்போது உறைத்தது. என் சொந்த வாசிப்புக்குள் முதலில் வந்து சேர்ந்தது அவருடைய நோட்டுகள் இல்லை, அந்த மௌனம்தான்.

கில்மரிடமிருந்து நீங்கள் நோட்டுகளை எடுத்துவிட்டீர்கள். அவர் எங்கே தொடங்குகிறார், எங்கே நிறுத்துகிறார், எதை ஏந்திக்கொண்டு நிற்கிறார் என்பதை எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவருகிறதா பாருங்கள்.

முதல் இரண்டு நாள் கிட்டாரைத் தொடவே கூடாது. பாத்திரம் கழுவும்போது, நடக்கும்போது அந்த நாலு பாரை மட்டும் கேளுங்கள். மூன்றாம் நாள், பதிவு ஓடாமல், வாயால் பாடுங்கள். பாட முடியாத இடம்தான் உங்கள் காது இன்னும் கேட்காத இடம். அங்கே மட்டும் திரும்பப் போய்க் கேளுங்கள். கிட்டாரை எடுத்ததும் ஒரே தந்தியில் தேடுங்கள், பெட்டிக்குள் போகாதீர்கள். பெட்டிக்குள் போனால் விரல் தனக்குத் தெரிந்ததை வாசித்துவிட்டு 'இதுதான்' என்று சொல்லிவிடும்.

நோட் கிடைத்த பிறகு, அவர் அதை எந்தத் தந்தியில் வாசித்தார் என்று கேளுங்கள். முதல் தந்தி ஓப்பனில் இருக்கும் அதே ஈ, இரண்டாம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தி ஒன்பதாம் ஃப்ரெட்டிலும், நான்காம் தந்தி பதினான்காம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது. நாலையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஓப்பன் பளிச்சென்று இருக்கும், நான்காம் தந்தியில் தடித்து, கொஞ்சம் மங்கி ஒலிக்கும். இதற்குப் பழக நாளாகும், ஆனால் பழகும்.

அடுத்தது கார்டு. பி மைனர் ப்ளூஸில் அந்த டி நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பி மைனர் இருந்தால் அது மூன்றாவது, வீட்டில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும். ஈ மைனர் செவன் வந்தால் ஏழாவது. ஜி மேஜர் செவன் வந்தால் ஐந்தாவது. எஃப் ஷார்ப் செவன் வந்ததும் அதே டி நெருடும், எங்காவது இறங்கியே ஆக வேண்டும் என்று துடிக்கும். விரல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, கீழே கார்டு மாறுகிறது, அவ்வளவுதான். பென்டடானிக் பெட்டியை ஐந்து வருடம் ஏறி இறங்கியும் எனக்குக் கிடைக்காதது இது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, சொந்த வாசிப்பில் எப்படி இறக்குவது. பேக்கிங் ட்ராக்கைப் போட்டுவிட்டு, பத்து நிமிடம் அந்த ஒரு சொற்றொடரைத் தவிர வேறு எதையும் வாசிக்காதீர்கள். அரை பீட் தள்ளித் தொடங்குங்கள். கடைசி நோட்டை மாற்றுங்கள். முதல் நோட்டை விட்டுவிடுங்கள். நடுவில் மௌனத்தை நீட்டுங்கள். வேறு கீக்குப் போங்கள், வேறு தந்திக்குப் போங்கள். மூன்று நாள் செய்தால் அது அவருடைய சொற்றொடரா உங்களுடையதா என்ற எல்லை அழியத் தொடங்கும். உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதி கேட்பதற்கு, பாதி இதற்கு. முழு சோலோவையும் முடித்தே தீர வேண்டும் என்று கட்டாயமே இல்லை.

ஜாஸ் கிட்டாரிஸ்ட் வெஸ் மான்ட்கோமரி கிட்டத்தட்ட இருபது வயதில்தான் தீவிரமாகக் கிட்டார் வாசிக்கத் தொடங்கினார். 1939-இல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டு எடுத்தார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. 1948-இல் லயனல் ஹாம்ப்டன் குழுவில் இடம் கிடைத்தது. பிற்பாடு கட்டைவிரலாலும் ஆக்டேவ்களாலும் அவர் வாசித்ததைக் கேட்டு யாரும் கிறிஸ்டியன் என்று நினைக்க மாட்டார்கள். மற்றவரை எடுத்தால் நம் குரல் போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு இருந்தால், அவரை ஒரு தடவை கேளுங்கள்.

வெள்ளைப்பலகை

நான் பன்னிரண்டு வருடமாகக் கிட்டார் சொல்லித் தருகிறேன். இரவுக்காது சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். எழுதுவது பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை, அது எனக்கு வருத்தம்.

தம்பி, எழுதுங்கள். அழகான தாளில், முறையான இசைக்குறிப்பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பாருக்கு நாலு கட்டம் போட்டு, நோட் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்றாவது குறியுங்கள். சுருதியில் நாம் செய்யும் தப்பு கிட்டாரில் வாசித்ததும் காதில் குத்தும். தாளத்தில் செய்யும் தப்பு குத்தாது. எழுதும்போதுதான் 'இந்தப் பாரில் மூன்றரை பீட்தான் வருகிறது, மீதி அரை எங்கே?' என்று தெரியும். என் மாணவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ட்ரிப்லெட்டை (ஒரு பீட்டில் சமமாக மூன்று நோட்) இரண்டாகப் பிரித்து வாசித்துக்கொண்டு, சரியாகத்தான் வாசிக்கிறோம் என்று நம்பியிருப்பார்கள்.

கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் வை சின்ன வயதில் ராக் இசையமைப்பாளர் ஃப்ராங்க் ஸாப்பாவின் இசையைக் கேட்டு எழுதி அவருக்கே அனுப்பினார். ஸாப்பா முதலில் அவருக்குக் கொடுத்த வேலை கிட்டார் வாசிப்பது இல்லை, சோலோக்களைக் கேட்டு எழுதுவது. அப்புறம்தான், 1980-இல், மேடைக்கு வந்தார். அப்படி அவர் எழுதியவை 1982-இல் புத்தகமாகவே வந்தன. அவர் இன்று வாசிக்கும் விசித்திரமான தாளக் கூட்டங்களைக் கேட்டால், அந்த எழுத்து வேலை வீண்போகவில்லை என்பது புரியும்.

கிட்டாரிஸ்ட்டுகளை மட்டும் எடுக்காதீர்கள், ஊதுகிறவர்களையும் எடுங்கள். டிரம்பெட், சாக்ஸபோன் வாசிப்பவர் மூச்சு வாங்கியே ஆக வேண்டும், அதனால் சொற்றொடர் தானாக முடியும். பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோ தன் மாணவர்களை சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் சோலோக்களை முதலில் பாட வைப்பார், பாட வந்த பிறகுதான் வாத்தியம். மெதுநடை சொன்ன அதே ஆல்பத்தில் 'ஸோ வாட்' என்று முதல் பாட்டு. 32 பார், பதினாறு டி டோரியன் (ஒரு ஸ்வர வரிசை), எட்டு ஈ ஃப்ளாட் டோரியன், மறுபடி எட்டு டி. மைல்ஸின் சோலோவில் நோட் குறைவு, இடைவெளி அதிகம். ஸ்டீவி ரே வானில் இருபது நொடியில் சிக்கிக்கொண்ட ஒருவருக்கு இது நல்ல இடம்.

ஐந்தாம்ஃப்ரெட்

மெதுநடை, அரை ஸ்டெப் இறக்கியதும் அந்த ஓப்பன் தந்தி அப்படியே வந்துவிட்டது. ரொம்ப நன்றி. இரவுக்காது அண்ணா, ஒரு சந்தேகம். எனக்குப் பாட வராது. வாயைத் திறந்தால் சுருதி எங்கேயோ போகிறது. பாடாமல் மனதுக்குள் கேட்டால் போதாதா?

இரவுக்காது

போதாது. மனதுக்குள் கேட்கும்போது, தெரியாத இடத்தை மனம் மழுப்பிக்கொண்டு தாண்டிவிடும். குரல் தாண்டாது, அங்கேயே திணறும். அந்தத் திணறல்தான் நமக்கு வேண்டும். பாட்டு மாதிரி பாட வேண்டியதில்லை, உங்களுக்கு வசதியான ஆக்டேவில் முனகினால் போதும். இரண்டு இரண்டு நோட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டைக் கிட்டாரில் வாசித்து, அடுத்ததை வாயால் சொல்லி, பிறகு கிட்டாரில் சரிபாருங்கள். இரண்டு வாரத்தில் குரல் நிற்கும்.

எழுதுவது பற்றி வெள்ளைப்பலகை சொன்னது நியாயம். நான் சோம்பலில் விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பாடி, வாசித்து, உள்ளே போன பிறகு எழுதுங்கள். எழுதிவிட்டுத் தாளைப் பார்த்து வாசித்தால், நாமே நமக்கு டேப்லேச்சர் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வெள்ளைப்பலகை

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம்ஃப்ரெட் (ஐந்து வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்ல வந்தேன். ஃப்ரெடி கிங் ஏ கீயில் வாசித்த ஒரு ஷஃபிளில் நாலு பார் எடுத்தேன். முழு சோலோ பக்கமே போகவில்லை. மூன்று சொற்றொடர்கள்தான். பாடுவதற்கு ஒன்பது நாள் பிடித்தது. எழுதிப் பார்த்தபோது வெள்ளைப்பலகை அக்கா சொன்னது அப்படியே நடந்தது, இரண்டாம் பாரில் ட்ரிப்லெட்டை நேராக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பத்து நிமிடப் பயிற்சி முதல் இரண்டு நாள் கொடுமையாக இருந்தது. ஒரே சொற்றொடர், வேறு எதுவும் கூடாது என்றால் கை கெஞ்சுகிறது. மூன்றாம் நாள் கடைசி நோட்டை விட்டுவிட்டு வாசித்தேன். அந்த இடத்தில் கேள்வி கேட்டுவிட்டு நிற்கிற மாதிரி ஒரு ஒலி வந்தது. கையை எடுத்துவிட்டு அப்படியே இருந்தேன். போன வாரம் டிரம்ஸ் வாசிக்கும் நண்பனோடு சேர்ந்து வாசித்தபோது அது தானாக வந்தது, நான் திட்டமிடவில்லை. நான் நிறுத்திய இடத்தில் அவன் ஸ்னேரில் ஒரு பதில் சொன்னான். ஆறு வருடத்தில் அவன் எனக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. இத்தனை நாள் நான் இடமே விட்டதில்லை.

இன்னும் ஒரு நோட் பிடிபடவில்லை. மூன்றாம் பாரில், ஏ செவன் கார்டின் மேல். ஒரு நாள் கேட்டால் சி, மறுநாள் கேட்டால் சி ஷார்ப். மூன்றாம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டா, ஆறாம் ஃப்ரெட்டா?

இரவுக்காது

இரண்டு நாளும் உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அது சி-யும் இல்லை, சி ஷார்ப்பும் இல்லை, நடுவில் இருக்கிறது. ஐந்தாம் ஃப்ரெட்டில் ஆட்காட்டி விரலை வைத்து, பிக் போட்ட பிறகு தந்தியைத் தரையை நோக்கி ஒரு துளி இழுங்கள். சி ஷார்ப் வரை போய்விடக் கூடாது. எவ்வளவு இழுப்பது என்பதை முதலில் வாயால் பாடிவிட்டு, அப்புறம் விரலை வையுங்கள்.